ஒப்புதல் வராத கணக்கு டீச்சர்

திருத்தங்கல் பக்கத்து உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக நான் சேர்ந்தபோது, மூன்று மாதத்தில் அரசு ஒப்புதல் வந்துவிடும் என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்துக்கு ஆள் போட நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, சம்பளம் தர வேண்டியது அரசு. அரசு அந்த வருடம் புது நியமனம் எதற்கும் பணம் ஒதுக்கவில்லை. என் கோப்பு விருதுநகர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியது, மறுபடி போனது. நான்கு வருடம் அப்படியே ஓடியது. அரசுச் சம்பளத்துக்குப் பதில் நிர்வாகம் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு இது தெரியக் கூடாது என்பது தலைமையாசிரியையின் கட்டளை. "தெரிஞ்சா பெத்தவுக வேற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாகம்மா" என்பார். வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் கையெழுத்துப் போடுவேன்.

விட்டுப் போகலாம் என்று நினைக்காமல் இல்லை. விருதுநகரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கூப்பிட்டார்கள். "இம்புட்டு வருசம் இருந்துட்டு, ஆர்டர் வாற நேரத்துல விடுவாகளா?" என்றார் கணவர். ஆர்டர் அடுத்த மாதம் வந்துவிட்டால் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பயம்தான் என்னை அங்கேயே உட்கார வைத்தது.

இந்த நிலையில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். அதற்கென்று தனி ஆள் போட அரசு பணம் தரவில்லை. எனக்கு வகுப்பு குறைவு என்று தலைமையாசிரியை நினைத்தார். நான் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், என் பதிவைப் புதுப்பித்த கையோடு, அங்கே பலகையில் ஒட்டியிருந்த படிப்புகளை எழுதிக்கொண்டு வந்தேன். பெரிய சார்ட்டுகளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விளக்குவேன்.

அந்த வருடம் வகுப்பில் கணக்கில் முதலாக வந்த பெண்ணின் அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவள் எழுந்து, "நான் உங்கள மாதிரி கணக்கு டீச்சராகணும். அதுக்கு என்ன படிக்கணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் சார்ட்டைப் பார்த்தபடி, "அது வேணாம். நர்சிங் பாரு, பாலிடெக்னிக் பாரு" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"எல்லாருக்கும் கிடைக்காது."

அவள் முகம் சிறுத்துப்போனது. வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள். "எங்கம்மா கம்பெனிக்குப் போறதுனாலயா டீச்சர் அப்படிச் சொல்றீக?"

இல்லை என்றேன். மறுவாரம் முழுக்க அவள் என்னிடம் சந்தேகம் கேட்க வரவில்லை.

ஜனவரியில் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அப்படிப்பட்ட நாட்களில் பதிவேட்டில் இல்லாத நான் இயற்பியல் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அதிகாரி மேற்படிப்பு ஆலோசனை நடக்கிறதா என்று கேட்டுவிட்டார். நடக்கிறது என்று தமிழாசிரியரை எழுப்பி நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் வைத்திருந்த சார்ட்டுகளை எடுத்துவர, நான் உள்ளே இருப்பதை அவசரத்தில் மறந்து, அந்தப் பெண்ணையே அனுப்பினார்கள்.

கதவைத் திறந்தவள் இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"டீச்சர், இங்கன ஏன் இருக்கீக?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு இன்னும் போஸ்ட் வரலம்மா. ஆபீசர் பார்க்கக் கூடாது" என்றேன். சார்ட்டுகளைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்து அறையிலிருந்து, நான் எழுதியதைத் தமிழாசிரியர் தட்டுத் தடுமாறி வாசிப்பது கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நக இடுக்கில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"எங்க கம்பெனியில இன்ஸ்பெக்டர் வந்தா, பேர் பதியாத ஆளுகளப் பின்வாசல் வழியா வெளிய அனுப்பிருவாக. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானா டீச்சர்?"

"ஆமாம்மா" என்றேன். "நான் எம்.எஸ்சி., பி.எட். படிச்சிருக்கேன். நாலு வருசமா காத்துக்கிட்டிருக்கேன். அதான் இவகிட்ட வேணாம்னேன். உங்களக் குறைச்சு நினைச்சு இல்ல."

அந்த அம்மா மகளைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? இப்ப என்ன சொல்ற?"

"கணக்குதான் படிப்பேன்" என்றாள் அவள். "எனக்கு அதுதான் வருது. டீச்சர் வேல கிடைக்கலன்னா அப்புறம் பார்ப்போம்."

"நீங்க என்ன சொல்றீக டீச்சர்?" என்று அம்மா என் பக்கம் திரும்பினார்.

விருதுநகர் கல்லூரிகளின் விண்ணப்ப விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் அவள் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தாள்.

அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது என் பணியிடத்துக்கு ஒப்புதல் வந்தது. ஆனால் எனக்கு வரவில்லை. மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைந்து உபரியாகிவிட்ட ஆசிரியர் ஒருவரை அந்த இடத்தில் போட்டிருந்தார்கள். ஏற்கனவே சம்பளம் வாங்குகிறவர், அரசுக்குப் புதுச் செலவில்லை. வந்த முதல் நாளே அவர் என்னிடம் வந்து, "உங்க இடத்தப் பறிச்சுட்டேன்னு நினைச்சிராதீகம்மா, எனக்கும் வேற போக்கில்ல" என்றார். கையில் சோற்றுப் பாத்திரத்துடன் பாவமாக நின்றார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

தலைமையாசிரியை என்னை அழைத்தார். "அறிவியல் டீச்சர் ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆகுறாக. அந்த இடத்தக் கணக்குக்கு மாத்திக் கேட்டிருக்கோம். அதுவரைக்கும் ஆறாம் வகுப்பு எடும்மா."

எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் இரண்டு வருடம்தானே என்று மனம் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தது.

"சரிங்க டீச்சர்" என்றேன்.

சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனேன். அன்றைக்குப் பின்னங்கள் பாடம்.