வேப்பிலையோடு ரயில் ஏறினேன்

ஆத்தாளை நம்பும் எல்லோருக்கும் ஊரப்பாக்கம் கலாவதியின் வணக்கம். நான் ஆத்தாளிடம் கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். அதற்கும் அவள் பதில் சொன்னாள். யார் என்ன நினைத்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. பங்குனி வெயில். என் மகள் வசந்திக்கு ஆறு வயது. சளிக் காய்ச்சல் வந்து தேறி, மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். குளிப்பாட்டும்போது பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது.

"எங்கடி விழுந்தே?"

"விழவே இல்லம்மா."

அடுத்து தோளில், முதுகில். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, மற்ற பிள்ளைகளின் எதிரிலேயே, "பெத்த குழந்தையை இப்படியா அடிப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் அவளை அதட்டியதுகூடக் கிடையாது.

பிறகு கால்களில் சிவப்புப் புள்ளிகள், கடுகைத் தூவினது போல. அடுத்த தெருவில் இருந்த என் நாத்தனார் வந்து பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துகீறா கலா. டாக்டரு, ஊசின்னு எங்கியும் இட்டுகினு போவாத. கோச்சுக்குவா."

வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பது நின்றது. வெளியாள் வரக்கூடாது, நாங்கள் போகக்கூடாது, மருந்து கூடவே கூடாது. அக்கா சொல்லிவிட்டால் என் கணவரிடம் மறுபேச்சு கிடையாது.

நானும் அம்மை கண்டு தேறியவள்தான். காய்ச்சல் கொதிக்கும், முத்து முத்தாக நீர் கோர்க்கும். வசந்திக்குக் காய்ச்சலே இல்லை. புள்ளியைத் தடவினால் விரலில் மேடு தட்டவில்லை. இதைச் சொன்னால், "ஆத்தாளையே சந்தேகப்படுறியா?" என்று வாயை அடைத்தார்கள்.

மறுநாள் காலை வசந்தி வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. ஈறில் ரத்தம். கொஞ்ச நேரத்தில் மூக்கிலும். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. "அம்மா, நான் செத்துடுவேனா?" என்றாள்.

பூஜை அறைக்குப் போய் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். கை கூப்பவில்லை. "வந்திருக்கிறது நீதானா? நீதான்னா எங்கூட டாக்டர்கிட்ட வா. நீ இல்லேன்னா வழியை விடு. என் பொண்ணுக்கு என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவளை நீ எடுத்துக்கிட்டா, உன் கோயில் வாசலை நான் மிதிக்க மாட்டேன்." இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்து வசந்தியின் கையில் கொடுத்தேன். நாத்தனார் குறுக்கே வந்து நின்றார்.

"வூட்டையே அழிக்கப் போற நீ!"

"ஆத்தாளும் எங்கூடத்தான் வர்றா அண்ணி. நகருங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே! பாதி வழியில் என் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

தாம்பரத்தில் டாக்டரம்மா நிறையக் கேட்டார். முன்னால் காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை கொடுத்தீர்கள், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத வியாதி உண்டா, அடித்தீர்களா என்றுகூட. காரணம் தெரியத்தான் கேட்டார், எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கண்ணாடித் துண்டைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினார். சிவப்பு மறையவில்லை. "பாருங்கம்மா, தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. இது அம்மை இல்ல." வேப்பிலையை அவர் தூக்கிப் போடவில்லை. ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ரத்தம் எடுத்தார்.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம், எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டும் என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் ஆத்தாளோடு பேசவே இல்லை. வேப்பிலை மட்டும் வசந்தியின் தலையணை ஓரம் வாடிக்கொண்டிருந்தது.

புற்றுநோய் இல்லை! சளிக் காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளின் உடம்பே தன் தட்டணுக்களை அழித்துவிடுமாம். மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையால் பிள்ளையின் முகம் உப்பியது, ஆனால் புள்ளிகள் மெல்ல மங்கின, ரத்தம் நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய்விட்டு அழுதேன். "வந்தியே தாயே, எங்கூடவே வந்தியே" என்று அப்போதுதான் கை கூப்பினேன்.

ஆடியில் நான் கூழ் ஊற்றியபோது சிலர் வாங்காமல் விலகிப் போனார்கள். போகட்டும். வசந்தி இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். இன்று கல்லூரிக்குப் போகிறாள். அன்றுவரை பெரியவர்கள் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த நான், அதன்பிறகு கேள்வி கேட்காமல் எதையும் ஏற்றதில்லை.

ஆத்தாளை நம்புங்கள். ஆனால் காரணமில்லாமல் உடம்பு கன்றினால், புள்ளி கண்டால், வேப்பிலையைக் கட்டிவிட்டு உட்காராதீர்கள். டாக்டரிடம் ஓடுங்கள், அவள் கூடவே வருவாள். நான் சொல்லி நம்பாதவர்கள் என் நாத்தனாரைக் கேளுங்கள். போன வருடம் அவருடைய கடைசிப் பையனுக்குக் கை கன்றியபோது, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் அவனையும் மறு கையில் வேப்பிலையையும் பிடித்தபடி என் வாசலில் வந்து நின்றார்.

"கலா, சீக்கிரம் கெளம்பு. ரயிலு வந்துடப் போவுது."