பீரோவில் இருந்த சுங்குடி

எங்கள் தையல் கூட்டத்தில் எனக்குக் கஞ்சப்பிசினாறி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். மற்றவர்கள் வாராவாரம் வீட்டிலிருந்து பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து மடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். நான் ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒரு டப்பா முறுக்கு, இவ்வளவோடு போவேன். வேலைக்கு அஞ்சியவள் இல்லை. கழுத்து வலிக்கும்வரை தைப்பேன். புடவை மட்டும் கொடுக்கமாட்டேன்.

வியாழக்கிழமை மதியம் திருமுல்கேரியில் எங்கள் காலனிச் சங்கத்தின் மாடி ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். பழைய புடவைகளை அடுக்கடுக்காக மடித்து, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நெருக்கமாக நூலோட்டித் தைத்தால் அதுதான் பொந்த. தெலுங்குக்காரர்கள் வீட்டில் இது இல்லாமல் இருக்காது. நாங்கள் தைப்பது எல்லாம் குட்டிப் பொந்த, பிறந்த குழந்தையைச் சுற்றுகிற அளவுக்கு. முடிந்ததை எல்லாம் சேர்த்து அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவோம். பக்கத்து மாவட்டங்களிலிருந்து அவசரமாக ஓடிவருகிறவர்களிடம் ஒரு துண்டைத் தவிர வேறு எதுவும் இருக்காது. ஹைதராபாத்தில் மார்கழி, தை மாதங்களில் அடிக்கிற குளிருக்குத் துண்டு என்ன செய்யும்?

ஹாலில் தெலுங்கும் இந்தியும் உருதுவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடும். என் தெலுங்கு காய்கறிக் கடையோடு நின்றுபோன தெலுங்கு. தமிழ் பேச அங்கே எனக்கு ஒருத்திதான் உண்டு. லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தா காலத்திலேயே மெட்ராஸ் பக்கமிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். அவள் தமிழை முதல்நாள் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஹவ் அக்கா, இங்க ஒக்காருங்க. அங்க நக்கோ, ஃபேன் காத்து வராது."

"இது என்ன பாஷைடி?" என்று கேட்டுவிட்டேன்.

"தமிழ்தான். ஒங்க மதுரைத் தமிழ் மட்டும் என்னவாம்? அங்கிட்டு இங்கிட்டுன்னு, ரோட்டுல வண்டி திருப்பற மாதிரி."

அன்றைக்கே ஒட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் முகத்தைப் பார்க்கலாம். பகல் முழுக்க வீட்டில் என் குரலை நானே கேட்காமல் இருந்தவள், வியாழக்கிழமை வந்தால் வாய் ஓயாமல் பேசினேன். இருந்தும் புடவை விஷயத்தை மட்டும் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, விரதம், நேர்த்திக்கடன் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர், "போதும்மா. ஒன் ஒடம்பு தாங்காது" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அப்போது அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் என் தம்பி மகனுக்குத் தொட்டில் போட்டார்கள். அத்தை நான் வெறுங்கையோடு போவேனா? செயின் போட்டேன். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, தூளி கட்ட நான் எடுத்துப்போன சுங்குடிப் புடவைதான். மாதுளைச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து நூல் அப்படி மிருதுவாகியிருந்தது. நாற்காலி போட்டு ஏறி, கொக்கியில் நானே கட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், அருமையாக நின்றது.

தம்பியின் மாமியார் வந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏத்தா, புள்ள பெத்தவ புடவையாப் பாத்துக் கட்டக் கூடாதா?"

அவரே அவிழ்த்தார். வேறு ஒரு புடவையைக் கட்டினார். என்னுடையதை நீவி நீவி மடித்து, மரியாதையாகத்தான் என் கையில் கொடுத்தார். என் தம்பி செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். எழுந்து போனால் அதற்கும் ஒரு பேச்சு வருமே.

அந்த அம்மாள் சொன்னதை நான் நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். படித்தவள் இல்லையா? ஆனால் பாதி நம்பினேன். என் புடவை பட்டு எந்தக் குழந்தைக்காவது ஒரு காய்ச்சல் வந்தால்கூட என்னால் தாங்கமுடியாது. அதனால் மற்றவர்கள் புடவையைத் தைத்தேன். யார் யாரோ பிள்ளை பெற்றவர்களின் புடவைகள். ஒவ்வொரு பொந்தயையும் முடித்து மடிக்கும்போது, இதற்குள் என்னுடையதாக ஒரு முழத் துணியாவது இருக்கக்கூடாதா என்று இருக்கும். ஒரு குழந்தை, யாருடையதாக இருந்தால் என்ன, என் புடவையில் படுத்துத் தூங்கவேண்டும். பெரிய ஆசைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய்விட்டன. இது மட்டும் போகமாட்டேன் என்றது.

போன தை மாதம் குளிர் கொஞ்சம் அதிகம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி எங்கள் லாலாகூடாக்காரிக்குப் போன் செய்து, இருக்கிறதை எல்லாம் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். அந்த வியாழக்கிழமை பைகளைக் கொட்டிப் பார்த்தால் எல்லாம் சிந்தெடிக். இப்போது யார் பருத்தி கட்டுகிறார்கள்? வழவழப்பில் ஊசி நிற்காது, குழந்தைத் தோலுக்கும் ஆகாது. பருத்தி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

லாலாகூடாக்காரிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, ஒங்க பீரோ முழுக்கக் காட்டன்தானே? போறப்ப கூடவா எடுத்துட்டுப் போவப்போறீங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"என் புடவை, என் இஷ்டம். ஒங்களுக்கு எல்லாம் தைச்சுக் குடுக்குறது பத்தாதா? பீரோ வரைக்கும் வரணுமா?"

தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. முறுக்கு டப்பாவைக்கூட எடுக்காமல் படியிறங்கி வந்துவிட்டேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"புடவை நக்கோ அக்கா. கைக்கு, எதுக்கு இவ்ளோ கோவம்? அத மட்டும் சொல்லுங்க."

உள்ளே வரச்சொன்னேன். உட்காரக்கூடச் சொல்லாமல், நின்றபடியே தொட்டில் கதையைக் கொட்டினேன். குழந்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இது தெரியாது. கேட்டு முடித்துவிட்டு அவள் முதலில் சொன்னது இதுதான்:

"அந்தப் பொம்பள போன் நம்பர் குடுங்க."

"போடி!"

"நெசமாத்தான். என் புடவைல படுத்துதான் என் மூணும் வளந்துச்சு. என்னத்தக் கிழிச்சுதுங்க? பெரியவன் டென்த்துல ரெண்டு வாட்டி கோட்டு. புள்ள பெத்தவ புடவைக்கு அவ்ளோ பவர் இருந்தா பாஸ் ஆயிருக்கணுமே?"

சிரித்துவிட்டேன். சிரிக்க ஆரம்பித்தது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றேன்.

"யாருக்கு?"

"புள்ளைக்கு."

அவள் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. "அக்கா, அதுங்களுக்குக் குளிருது. அவ்ளோதான் அக்கா. வேற ஒண்ணும் இல்ல."

பீரோவைத் திறந்தேன். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். அடியில் கிடந்த மாதுளைச் சிவப்பு சுங்குடியையும் எடுத்தேன். மதுரையிலிருந்து வந்த நாளிலிருந்து அதை நான் கட்டவும் இல்லை, தூக்கிப்போடவும் இல்லை. அதை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே தைத்தேன். மேலே ஒட்டுப்போட மனசு வரவில்லை. புள்ளிகள் தெரியட்டும் என்று முழுசாகவே விட்டு, ஓரத்தில் மட்டும் பட்டை வைத்தேன். வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டபோது வீட்டுக்காரர், "இது ஒன்னோடதுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொடியில் அது சரிந்திருந்த இடத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

பொந்தகளை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். யாருக்குப் போனது என்று கேட்கமாட்டோம். இந்தமுறை நானும் வருகிறேன் என்றேன். கட்டுகளை எல்லாம் கொடுத்தபிறகும் அந்த ஒன்றை மட்டும் இடுக்கிக்கொண்டு நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நர்ஸ் என்னையும் அதையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் நீங்களே கொடுங்கள் என்று கையைக் காட்டினாள்.

ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். பொந்தயை நீட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மெத்தகா உந்தி" என்றாள். மெத்தென்று இருக்கிறதாம். உடனே குழந்தையை அதில் சுற்றினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தோடு கிளம்பியிருக்கலாம். கால் வரவில்லை.

"மீக்கு எந்தமந்தி பில்லலம்மா?" என்று கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்று.

நான் வாயெடுப்பதற்குள், என் பின்னாலேயே வந்து நின்ற லாலாகூடாக்காரி முந்திக்கொண்டு, "இத்தரு" என்றாள். இரண்டு. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கோ உள்ளே என்னவோ மறுத்தது. புடவை என்னுடையது, பொய் மட்டும் எதற்கு?

"லேதம்மா," என்றேன். "நாக்கு பில்லலு லேரு." எனக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். உச்சுக் கொட்டவில்லை. குனிந்து, சுற்றிய பொந்தயை மெதுவாகப் பிரித்தாள். இங்கேயும் மடித்துத்தான் கொடுக்கப்போகிறாள். அவள் நீட்டும்வரை காத்திருப்பானேன் என்று நானே இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவள் பொந்தயை என் கைகளின்மேல் விரித்தாள். குழந்தையைத் தூக்கி அதன்மேல் படுக்கவைத்தாள். ஓரங்களை இழுத்துப் போர்த்தினாள். மகளுக்கு வெந்நீர் பிடிக்கப் போகவேண்டும், காலையிலிருந்து குழந்தையை விட்டுப்போக ஆள் இல்லை, கொஞ்சம் பிடித்துக்கொள் என்று தெலுங்கில் படபடவென்று சொல்லிவிட்டு, கட்டிலடியிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

லாலாகூடாக்காரி ஸ்டூலை இழுத்து என் பின்னால் போட்டாள். உட்கார்ந்தேன். பையன் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் சப்புக்கொட்டினான். சுங்குடியின் சூடும் அவன் சூடும் ஒன்றாகி என் முழங்கையில் இறங்கியது. மூச்சு விட்டால் எழுந்துவிடுவானோ என்று பயந்து பயந்து விட்டேன். இவ்வளவு லேசாகவா இருப்பார்கள்? இதற்கா இத்தனை வருஷம்? இதற்குத்தான். வேறு எதற்கு?

வராந்தாவில் அந்த அம்மாளின் குரல் கேட்டது. ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கைகளை நீட்டினாள். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? பாவி மகள், அதற்குள்ளா வரவேண்டும்? அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் வெந்நீருக்கு ஒரு வரிசைகூடவா இருக்காது!