இசக்கிசெல்வி பெயரில் வந்த சளி

பென்னலூரில் ரஞ்சனியை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, கிருமியை ஆராய்கிற டாக்டர் என்று அவள் அப்பா நடேசன் ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கிப் பார்த்தார். "ஊசி போடாத டாக்டரு இன்னாத்துக்கு நடேசா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட பிறகு விட்டுவிட்டார்.

கூடப் படித்தவர்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறியபோது ரஞ்சனி பக்கத்தில் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள். அவள் ஆராய்ச்சி டிபியைப் பற்றியது. அது எங்கே குடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களில் பகல் ஷிப்ட்காரி எழுந்த பாயிலேயே நைட் ஷிப்ட்காரி வந்து படுப்பாள். பாய்க்கு மட்டும் லீவே கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் ஒருத்தி இருமலை எல்லோரும் பங்கு போட வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் கம்பெனியின் அசெம்ப்ளி லைன் நின்றால் பதறுகிற அளவுக்கு யாரும் இருமலுக்குப் பதறுவதில்லை. ஹாஸ்டல்காரர் வெங்கடேசன் அவளை உள்ளே விடுவதற்கே நாயாய் அலைய வைத்தார்.

அனுமதி கிடைத்ததும் வேலை மும்முரமாக நடந்தது. தூங்கி எழுந்தவுடன் வருகிற சளிதான் பரிசோதனைக்கு நல்லது. அதனால் விடிந்ததும் கார் வரும், பெயர் ஒட்டிய மூடி டப்பாக்களை வாங்கிக்கொண்டு போய்விடும். நினைத்ததைவிட நோய் குறைவு என்று முடிவு வந்தது. ரஞ்சனியின் கட்டுரை வெளியானது, மாநாட்டில் கை தட்டினார்கள்.

நோய் இல்லை என்று வந்தவர்களில் சங்கரன்கோவில் பக்கத்து இசக்கிசெல்வியும் ஒருத்தி. அவள் இருமுவதை ரஞ்சனி கண்ணால் பார்த்தாள். பார்த்தும், "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லம்மா. கம்பெனி ஏசியா இருக்கும், தண்ணிய சுட வச்சிக் குடி" என்றாள். தன் நெஞ்சு சொன்னதைவிட டெஸ்ட் சொன்னதை அந்தப் பெண் நம்பினாள். ரத்தம் கக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது இரண்டு நுரையீரலும் அரித்துப்போயிருந்தன. டிபிதான். உடலைத்தான் ஆம்புலன்சில் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

ரஞ்சனிக்குச் சோறு இறங்கவில்லை. லேபில் தோண்டித் துருவிப் பார்த்தாள், அங்கே தப்பு இல்லை. எங்கே கோட்டை விட்டோம் என்று தெரியாமல் இனி ஒரு வரிகூட எழுத முடியாது என்று ஹாஸ்டலுக்கே போனாள். அறையில் உலகம்மாள் இருந்தாள். இசக்கிசெல்வியின் ஊர்க்காரி, அதே பாயில் மாறி மாறிப் படுத்தவள்.

சளி எடுத்த அன்று நடந்ததைக் கேட்டதும் உலகம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அது அவ சளி இல்லக்கா. நாந்தான் துப்பிக் குடுத்தேன்."

"ஏம்மா?"

"அவளுக்கு அப்ப நைட் ஷிப்ட்டுல்லா. பஸ்ஸு வரதுக்குள்ள ஒங்க காரு போயிரும். இவ்வளவு தூரம் வந்துட்டு நீங்க வெறும் டப்பாவோட போவக் கூடாதேன்னு அவளுக்கும் சேத்து நானே துப்பிட்டேன். மத்த ரூம்லயும் அப்படித்தாங்க்கா."

அந்த அறையில் அது ஒரு குற்றமே இல்லை. ஒருத்தி துணியை ஒருத்தி துவைப்பாள், ஒருத்திக்காக ஒருத்தி சோறு எடுத்து வைப்பாள். சளியும் அப்படித்தான் போயிருக்கிறது. ரஞ்சனிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் அது தன் பக்கமே திரும்பியது. நைட் ஷிப்ட் பெண்களையும் சேர்த்த ஆராய்ச்சிக்கு அவர்கள் அறையில் இல்லாத நேரத்தைக் குறித்தவள் அவள்தானே! கம்பெனி பஸ் எப்போது வரும் என்பது இந்த ரோட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்பது உட்கார்ந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. "நாளைல இருந்து பஸ் வர்ற நேரத்துக்கே வர்றேன். எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் எடுக்கணும், மொதல்ல ஒனக்கு" என்றாள்.

உலகம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நான் துப்பாம இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளாக்கா?"

பிழைத்திருப்பாள். அப்போதே தெரிந்திருந்தால் சில மாதங்கள் மாத்திரை, அவ்வளவுதான். இந்நேரம் லைனில் நின்றிருப்பாள். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்காதவள் என்று பெயர் எடுத்த ரஞ்சனி, எதிரே அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"இல்லம்மா. அப்பவே முத்திப்போயிருந்தது. கண்டுபிடிச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது."

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க்கா இருக்கும்."

சுடுதண்ணீர் குடிக்கச் சொன்ன அன்று இசக்கிசெல்வியும் இதையேதான் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.