கனகசபாபதி இல்லாத ஐப்பசி

கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய கனகசபாபதி, குந்தியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய மனைவி நல்லம்மாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு கொஞ்ச நேரம் பாயில் இருப்பாள். பிறகு அடுக்களைக்குப் போவாள், வளவைச் சுற்றுவாள், படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கிவிடுவாள்.

“செத்தவீட்டுத் தொடக்கோடை ரோட்டிலை திரியிறா எண்டு சனம் கதைக்குதம்மா” என்றாள் மகள் பாலேஸ்வரி.

“கதைக்கட்டும். வீட்டுக்கை இருந்தால் எனக்கு மூச்சு முட்டுது.”

கனகசபாபதியும் இருந்த இடத்தில் இருந்த மனிதரல்ல. மின்சாரக் கம்பங்களில் ஏறுகிற லைன்மன் வேலை. காற்றடித்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிடுவார். மட்டக்களப்பில் புயலடித்த வருஷம் கம்பம் நடப் போனவர், மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. வந்தபோது கறுத்து மெலிந்து, தோளில் ஒரு சாக்குத் தயிர்ச்சட்டியோடு வந்தார். பாதிச் சட்டிகள் வழியிலேயே உடைந்திருந்தன.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அவர் நிற்கவில்லை. ஐந்து வருஷமாகக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாலைக் கம்பங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவார். அறுந்த வயரை எடுத்து வேலி கட்டியவர்களோடு சண்டை பிடிப்பார். “நாளைக்குக் கறண்ட் வந்தால் என்ன செய்வியள்?” என்று கேட்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவருக்குக் கோபம் வரும்.

பேத்தி தர்சினிக்கு ஆறு வயது. வீட்டுக்குள் பல்ப் எரிந்து கண்ட ஞாபகம் அவளுக்கில்லை. அவளுக்காகத்தான் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ஒரு சின்னப் பல்பை எரிய வைத்தார். பிள்ளை கைதட்டியது. பிறகு அதே டைனமோவில் ரேடியோவைப் பூட்டினார். பற்றறி கிடைக்காத காலம். மாலைச் செய்தி கேட்க அயல் முழுக்க அவர்கள் முற்றத்தில் கூடும். அவர் வியர்க்க வியர்க்கச் சுற்றுவார்.

அவர் செத்த மறு கிழமை இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறத் தொடங்கியது. செல்லடிக்கும் சத்தம் நாளுக்கு நாள் கிட்ட வந்தது. செய்தி நேரத்துக்குச் சனம் வழக்கம்போல வந்து, செத்தவீட்டு முற்றத்தில் கூச்சத்தோடு நின்றது. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

நல்லம்மா அதை இழுத்துக் கவிழ்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெடலைச் சுற்றினாள். முதலில் ரேடியோ முனகியது. பிறகு குரல் வந்தது. பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் “விடுங்கோக்கா, நான் சுத்திறன்” என்று வந்தார். அவள் விடவில்லை. என்ன செய்தி வாசித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கை ஓய்ந்தால் ஏதோ நடந்துவிடும் போலிருந்தது.

ஐப்பசி முடியும் முன்னரே எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. கண்டி வீதி நிறையச் சனம், மழை, மாடு, சைக்கிள், தள்ளுவண்டி. மருமகன் சைக்கிளில் அரிசியையும் பாயையும் கட்டினான். பாலேஸ்வரி அப்பாவின் சாய்மனைக் கதிரையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். நல்லம்மா அழவில்லை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டச் சனம் முண்டியடித்தபோதும் பேத்தியின் கையைப் பிடித்தபடி முன்னே போனாள். வீட்டில் இருந்ததைவிட நடப்பது இலேசாக இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

கொடிகாமத்தில் தூரத்துச் சொந்தக்காரி பூரணம் தன் வளவில் ஒரு கொட்டிலை ஒழித்துக் கொடுத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை அங்கேதான் செய்தார்கள். கோயில் குளக்கரையில் ஐயர் ஒருவர், இடம்பெயர்ந்து வந்த இன்னும் சில குடும்பங்களின் செத்தவர்களுக்கும் சேர்த்துக் கிரியை செய்தார். வீட்டில் பூரணம் தேடித் திரிந்து காய்கறி வாங்கிச் சமைத்திருந்தாள். படையலுக்கு வாழையிலை போட்டார்கள்.

நல்லம்மா இலையைப் பார்த்தாள்.

“பூரணம், உந்தப் பாகற்காயை எடு.”

“என்ன அக்கா சொல்லுறியள்? செத்தவைக்குப் படைக்கிறதிலை பாகற்காய் இல்லாமலோ?”

“அவர் தின்னமாட்டார். முப்பத்திமூண்டு வருஷமா நான் அந்த மனுசன்ரை கோப்பையிலை பாகற்காய் வைச்சதில்லை. இண்டைக்கு வைக்கமாட்டன்.”

பூரணம் பாலேஸ்வரியைப் பார்த்தாள். பாலேஸ்வரி கறியை அள்ளி எடுத்து அப்பால் வைத்தாள். அப்போதுதான் நல்லம்மாவுக்கு அழுகை வந்தது. நெடுநேரம் அழுதாள். ஒருவரும் தடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே இறங்க வழியில்லை. கொட்டிலுக்குள் அங்குமிங்கும் நடந்தபடி பேத்தியிடம் சொல்லத் தொடங்கினாள்.

“எங்கடை கலியாணத்தண்டு சரியான காத்து. லைன் அறுந்து போச்சு. மாப்பிள்ளையைக் காணேல்லை எண்டு எல்லாரும் தேடிச்சினம். உன்ரை அம்மப்பா சந்தி லைற் போஸ்றிலை ஏறி நிக்கிறார்.”

“பட்டு வேட்டியோடையோ?”

“ஓம். பட்டு வேட்டியோடை.”

“பொய்” என்றாள் பாலேஸ்வரி. “அப்பா எனக்குச் சாறத்தோடை ஏறினது எண்டுதான் சொன்னவர்.”

“அவருக்கு என்ன தெரியும்? கீழை நிண்டு பாத்தது நானல்லோ” என்றாள் நல்லம்மா.