காளவாசலில் பவள வைத்தியம்

பவளம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த வியாதிகள் இரண்டுதான்: ஒன்று, செத்துப்போச்சு, இன்னொன்று, செத்துப்போகப் போகுது.

விலங்கியல் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் பின்பாதியில் மதுரை காளவாசலில் ஒரு மீன்தொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடலில் பவளம் எடுக்கவும் விற்கவும் தடை வருவதற்கு முந்தைய காலம். ஊருக்குள்ளும் சுற்று ஊர்களிலுமாக ஏழெட்டு வீடுகளில் கடல்தண்ணீர்த் தொட்டி இருந்தது. பவளம் வாடினால் கடைக்குப் போன் வரும். முதலாளி சேகர் அண்ணே என்னை அனுப்புவார். பவளம் பார்க்கத்தான் செடி, உண்மையில் பிராணி. அதற்கு வாய் உண்டு, ஆனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. வீட்டுக்காரர்தான் சொல்வார், பெரும்பாலும் தப்பாக. வீடு வீடாகப் போய் டிவி, மிக்ஸி ரிப்பேர் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே ஜாதி.

ஒரு நிமிட மௌனம்

பழங்காநத்தத்தில் மனோகர் சார், மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியர். அவர் வீட்டில் இருந்தது காளான் மாதிரிக் குடை விரித்த, மெத்தென்ற பவளம். குடை முழுக்கப் பூனைமுடி போல மெல்லிய இழைகள் ஆடும். அந்த இழைகள் எல்லாம் உள்ளே போய், மேலே மெழுகு பூசியதுபோல ஆகி ஆறு நாள் என்று போன் செய்தார்.

போய்ப் பார்த்தேன். சாகவில்லை, சட்டை உரிக்கிறது. அந்த வகை அவ்வப்போது இப்படித்தான் மூடிக்கொண்டு பழைய தோலைக் கழற்றும். மோட்டாரைத் திருப்பி அதன்மேல் நன்றாகத் தண்ணீர் அடிக்கிற மாதிரி வைத்துவிட்டு, கை வைக்காமல் இருங்கள் என்று சொல்லி வந்தேன். நாலாம் நாள் தோல் நூலாம்படை மாதிரி மிதந்து போய், இழைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. சந்தோஷமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். போனில் அவர் கேட்டது வேறு.

"ஆறாம் கிளாஸ்ல செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேம்மா. பிள்ளைக எல்லாம் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நின்னுச்சுக. இப்ப என்ன சொல்றது?"

ரசம்

எழுமலையில் ஒரு பருத்தி வியாபாரி தொட்டி வைத்திருந்தார். பவளம் நாளுக்கு நாள் சுருங்குகிறது என்றார். உசிலம்பட்டி போய் பஸ் மாறி இறங்கி, உப்பு பார்க்கும் கருவியைத் தண்ணீரில் விட்டேன். அது காட்டிய அளவு ஊறுகாய் ஜாடிக்குத்தான் பொருத்தம்.

விசாரித்தால், வெயிலில் தண்ணீர் குறையக் குறைய, கேனில் வாங்கிவைத்த கடல்தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருக்கிறார். கடல் பிராணிக்குக் கடல்தண்ணிதானே என்பது அவர் கட்சி. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே கிடக்கும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. "ரசத்தைத் திரும்பத் திரும்பச் சுட வச்சா உப்புக் கூடும்ல, அது மாதிரி" என்றேன். நேரம் கழித்துச் சாப்பிட வந்து, ரசத்தில் உப்பு என்று சண்டை போடுகிறவர் போலிருக்கிறது, அவர் முகம் மாறியது. அடுப்படி வாசலுக்கு அவர் மனைவி வந்து நின்றார், கையில் கரண்டியோடு.

"அதை இன்னொரு தரம் சத்தமாச் சொல்லும்மா."

பலகை

மனோகர் சாரின் பவளம் எழுந்த செய்தி பரவியதும் சேகர் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'பவளங்களுக்கு வைத்தியம் பார்க்கப்படும்' என்று கடைவாசலில் பலகை மாட்டினார். மறுநாளே ஒருவர் வந்து விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். செவ்வாய் தோஷத்துக்குப் போட்ட பவளம், வெளுத்துவிட்டதாம். இது மீன்தொட்டிக் கடை என்று அண்ணே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் மோதிரத்தை எடுக்கவில்லை.

"பலகையில என்ன எழுதியிருக்கீக, அதைத்தானே நானும் கொண்டாந்திருக்கேன்?"

முடிச்சு

கீழவாசல் பக்கம் ஒரு சேலை வியாபாரி வீடு, சௌராஷ்டிரக் குடும்பம். அவர் மனைவி ராதாபாய் அக்கா, சுங்குடிச் சேலையில் சாயம் ஏறாத புள்ளிகள் விழுவதற்காகத் துணியை நூலால் முடிச்சுப் போடுவார். பகலெல்லாம் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் வேலை. சித்திரை வெயிலில் ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. தண்ணீர் ஓட்டமும் நின்று, சூடும் ஏறி, சோற்றுத்தட்டு அகலக் குடைப் பவளத்தின் ஒரு பக்கம் அழுகத் தொடங்கிவிட்டது.

"தூக்கிப் போடச் சொல்லு செல்வி. தொட்டியவே கெடுத்துரும்" என்றார் சேகர் அண்ணே. நான் அழுகலை அறுத்துவிட்டுக் காப்பாற்றிப் பார்க்கிறேன் என்றேன். "அறுத்தும் செத்துச்சுன்னா நீ வெளிய போக வேணாம், கடையில நின்னு மீனு கட்டிக் குடு" என்றார்.

கணவனும் மனைவியும் அவர்கள் பாஷையில் வெகுநேரம் பேசினார்கள். எனக்குப் புரிந்தது 'கரண்ட்' மட்டும்தான். பிறகு அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிளேடால் அழுகலை அறுத்து எறிந்து, நல்ல பகுதியை மூன்று துண்டாக்கி, அயோடின் கலந்த கடல்தண்ணீரில் முக்கி எடுத்தேன். இனி அதைக் கல்லோடு கட்டினால்தான் ஒட்டி வளரும். இறுக்கிக் கட்டினால் நூல் சதையை அறுத்தது. தளர்த்தினால் வழுக்கி விழுந்தது. நாலு தடவை தோற்றேன்.

"தள்ளிக்கம்மா" என்று அக்கா சாயம் ஏறாத வெள்ளை நூலை எடுத்தார். துண்டும் கல்லும் அவர் விரலுக்குள் போனது தெரிந்தது. என்ன செய்தார் என்று தெரியவில்லை. மூன்றும் நின்றன.

தினமும் கடை திறக்கும் முன்னால் போய்ப் பார்ப்பேன். முதல் வாரத்தில் ஒன்று கரைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவதை நான் பார்க்கவே பயந்தேன். வாசலிலேயே நின்று அக்கா முகத்தைத்தான் பார்ப்பேன். இருபதாம் நாளோ என்னவோ, கல்லை லேசாக ஆட்டினேன். துண்டு கல்லோடு சேர்ந்து ஆடியது. ஒட்டிக்கொண்டுவிட்டது. குடையின் ஓரத்தில் ஏழெட்டு இழைகள் எட்டிப் பார்த்தன. அக்கா சின்னக் கத்தரிக்கோலோடு வந்து தொட்டிமேல் குனிந்தார்.

"நூலை எடுத்துரலாம்மா. முடிச்சைப் பிரிச்சாத்தானே சேலையிலயும் பூவு தெரியும்."

அந்த மூன்று வருடத்தில் என் கையில் பிழைத்த பவளங்களைவிடச் செத்தவைதான் அதிகம் என்றாலும், எந்த வீட்டிலும் எனக்குக் காபி கொடுக்காமல் அனுப்பியதில்லை.