மீளா மாற்றம்

மகள் ஊதி அணைத்த பிறந்தநாள் மெழுகுவர்த்தியின் வாசனை, மணலூர்பேட்டையில் இப்போது இடித்துவிட்ட எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு என்னை இழுத்துச் சென்றது. புகை படிந்த சுவரும் துருப்பிடித்த ஜன்னலுமாக இருந்த அந்த அறையில், உருகிய மெழுகு மறுபடி உறைவதைக் காட்டிய டீச்சர் அதை மீள் மாற்றம் என்றார். பிறகு காகிதமொன்றை எரித்து, இது மீளா மாற்றம் என்றார்.

தன் அம்மாவைப் பெண்ணையாற்றங்கரையில் எரித்தபின் அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்த என் தோழி செல்வி எழுந்தாள்.

"எரிச்சிட்டா, இன்னா பண்ணாலும் திரும்பி வராதா டீச்சர்?"

டீச்சர் கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "வராதும்மா."

"சரிங்க டீச்சர்" என்று உட்கார்ந்த செல்வி, முதல்முறையாகத் தானே பின்னிக்கொண்டு வந்திருந்த கோணல் சடையை முன்னால் இழுத்து, வாயில் கவ்விக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.