கொப்பரையில் ஏறிய ஊர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாகத் தங்கியதில்லை. திருப்பூரில் துணி மடித்தேன். பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். களமருதூரில் நாற்றுக்கட்டு சுமந்தேன். அந்த வருடம் வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்புக்குச் சக்கை தள்ளும் வேலை. சாறு பிழிந்து காயவைத்த கரும்புச் சக்கைதான் அங்கே விறகு. ஒரு நிமிடம் சும்மா நின்றால் தீ இறங்கிவிடும் என்பதால் எனக்கு ஒத்துவந்தது.

கொட்டகையை நடத்தியவர் நாற்பது வயதுள்ள ஒரு பெண். புருஷன் இறந்த பிறகு தனியாக நடத்தினார். பாகின் பதம் பார்ப்பதும் அவரேதான். ஊரே அவரை அக்கா என்றது, நானும் அப்படியே.

கீழே வெறும் தூறல். மலையில்தான் பெரிய மழை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆற்றின் தரைப்பாலத்தைக் காணவில்லை. இரண்டு கரையிலும் தார் ரோடு மட்டும் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. சுற்றுவழியிலும் இடுப்பளவு தண்ணீர். எங்கள் பக்கம் ஊரும் பள்ளிக்கூடமும். அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி ரோடு, ஆஸ்பத்திரி, கூலி வேலை, மளிகை. கூடவே, முந்தின நாள் வெட்டிப் போட்டிருந்த அக்காவின் கரும்பு.

வெட்டிய கரும்பு மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு சாறு புளித்துவிடும். புளித்த சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லமாக இறுகாது. நிலம் வேறு குத்தகை. இந்த வெட்டு வீணானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

திருக்கோவிலூரிலிருந்து பரிசல் வருகிறது என்று ஒரு செய்தி வந்தது. மறுநாளும் அதே செய்தி வந்தது. பரிசல் வரவில்லை.

கரையில் கூடியிருந்தவர்களின் கண் மெல்லக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அங்கே எங்கள் வெல்லக் கொப்பரை இருந்தது. ஆறேழு பேர் வட்டமாக உட்காரலாம், அவ்வளவு பெரிய தட்டையான இரும்புக் கொப்பரை.

"மெதக்குமா யக்கா?" என்றார் ஒருவர்.

"எட்டு பேரு தூக்கற இரும்பு எப்பிடி மெதக்கும்?" என்றார் இன்னொருவர்.

"கப்பலு இன்னா மரத்துலயா செய்யறான்?"

அக்கா அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தார். "மெதக்கட்டும். ஆனா அந்தாண்டேர்ந்து வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஏங் கரும்பு ஒரு கட்டு மடியில வெச்சிக்கினு வரணும். இன்னொண்ணு, செருப்பு போட்டுக்கினு ஒருத்தரும் ஏறக்கூடாது. சாமி கும்புட்டு அடுப்புல ஏத்தற பாத்திரம் அது."

கயிற்றின் ஒரு முனையைக் கொட்டகைப் பக்கம் கட்டிவிட்டு, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் நீந்தினேன். நேரே போக நினைத்தேன். நூறடி கீழே தள்ளிக்கொண்டு போய்த்தான் ஆறு என்னைக் கரையேற்றியது. அங்கிருந்த புளியமரத்தில் கயிற்றைக் கட்டியதும் கொப்பரை இறங்கியது. மிதக்கவும் செய்தது; உள்ளே ஒருவர் கயிற்றைக் கைமாற்றி இழுத்து அதை நகர்த்தினார். ஆனால் நேராகப் போகத் தெரியவில்லை, சுற்றிக்கொண்டே போனது. மலையைப் பார்த்து உட்கார்ந்தவர், மலையை நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளிக்கூட வாத்தியார் தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து போகிறவர். பாலம் போவதற்கு முந்தின நாள் வந்து, ஆறு ஏறியதால் மாட்டிக்கொண்டவர், பள்ளிக்கூடத்திலேயே படுத்திருந்தார். அவர் ஷூவைக் கழற்றத் தயங்கினார்.

"ஆத்துத் தண்ணியே சேறாத்தானே இருக்குது? இதக் கழட்டலன்னா இன்னா ஆயிடப் போவுதும்மா?"

"ஆத்துக்கு நான் கற்பூரம் காட்டல சார். இதுக்குக் காட்டியிருக்கேன்."

வாத்தியார் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

அடுத்து, மாதாகோயில் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அந்தப் பக்கம் களையெடுக்கப் போகிறவர். கையில் ஓர் ஆடு. தங்கச்சி வீட்டில் விடவேண்டுமாம்.

"ஆடு ஏறக்கூடாது" என்றார் அக்கா.

"ஏன்? அது இன்னா செருப்பு போட்டுக்கினா நிக்குது? பாரு, வெறுங்கால்தான்."

"இன்னிக்கு ஆடுன்னுவ. நாளைக்கு எருமையக் கூட்டியாருவ."

"எங்க வேதத்துல வெள்ளம் வந்தப்ப, பேழையில ஆடு, எருமை, பாம்பு எல்லாத்துக்கும் எடம் குடுத்தாங்க. உங்கிட்டதான் இல்ல."

"அந்தப் பேழையில அவுங்க வெல்லம் காச்சலடி."

ஆட்டை எங்கள் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு அந்த அம்மா போனார். அது இரண்டு நாளும் கரும்புத் தோகையைத் தின்றுகொண்டு, கொப்பரையில் ஏறாததில் வருத்தம் எதுவும் காட்டாமல் இருந்தது.

இப்படியே அன்றைக்கு முழுக்கப் போனவர்கள் போக, வந்தவர்களின் மடியில் கரும்பு வந்து சேர்ந்தது. மறுநாள், கரும்பு வெட்டி மூன்றாவது நாள். காலையில் டீசல் எஞ்சினை ஓட்டிக் கரும்பைப் பிழிந்தோம். பத்து மணிக்குச் சாறு டிரம்களில் நிறைந்துவிட்டது. காய்ச்சப் பாத்திரம்தான் ஆற்றில் இருந்தது.

அக்கா சாற்றில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "சாயந்திரம் வரைக்கும் தாங்காது. கொப்பரைய ஏத்துங்க."

காலையிலேயே இருபது பெண்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். நாலு மணிக்குள் கொப்பரையைத் திருப்பித் தருகிறேன் என்று அக்கா கரையில் நின்று கத்திச் சொன்னார். தேய்த்துக் கழுவி, திரும்பக் கற்பூரம் காட்டி அடுப்பில் ஏற்றினோம்.

தப்பு என் பக்கம்தான். பாலம் போன அன்று கொட்டகைக்குள்ளும் வெள்ளம் வந்து போயிருந்தது. சக்கைக் குவியலின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன். பாதி தள்ளிய பிறகுதான் அடியிலிருந்து ஈரம் வந்தது. எரியவில்லை; புகைந்தது. சாறு கொதிப்பதும் அடங்குவதுமாக இருந்தது. மணி நாலு ஆனது. அக்கா ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பதம் வந்திருந்தால் உருண்டு திரண்டிருக்கும்; அது கரைந்து போனது.

அந்தக் கரையில் இருபது பேரும் வந்து நின்றிருந்தார்கள். ஆட்டுக்கார அம்மாவின் குரல்தான் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது.

"இன்னா, வெல்லம் ஆச்சா? இல்ல பொங்கலுக்குத்தான் வூட்டுக்கு வரணுமா?"

"ஈரச் சக்கைடி. எரிய மாட்டேங்குது" என்று அக்கா கத்தினார்.

ஆட்டுக்கார அம்மா அங்கிருந்தே தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வூட்டுக்குப் பின்னால மட்டை அடுக்கி வெச்சிருக்கேன், எடுத்தாந்து போடுய்யா" என்றார். அதைக் கேட்டு மற்றவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். பரணுல இருக்குது, மாட்டுக் கொட்டாயில இருக்குது, கட்டிலுக்கு அடியில இருக்குது. இந்தக் கரையில் இருந்த புருஷன்களுக்கு அன்றைக்குத்தான் தங்கள் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தென்னை மட்டை வந்தது, வேலிக்கட்டை வந்தது, கால் ஒடிந்த கட்டில் ஒன்று வந்தது. காலையில் கொப்பரையில் திரும்பி வந்து, சாயந்திரம் வீட்டுக்குப் போகவேண்டிய வாத்தியார், பழைய பரீட்சைப் பேப்பர் ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் திருத்தின பேப்பர்தாங்க. மார்க்கு கம்மி, ஆனா நல்லா எரியும்."

எரிந்தது. பாகு பொங்கி எழுந்தது, நிறம் மாறியது. அக்கா மறுபடி ஒரு சொட்டை விட்டார். தண்ணீருக்குள் விரலால் உருட்டினார். பதம் வந்துவிட்டது என்று கையை உயர்த்தினார். எட்டு பேர் கொப்பரையை இறக்கி, பாகை மரத்தொட்டியில் சாய்த்தோம்.

அக்கரைக்காரர்கள் அதற்குமேல் ஒரு நிமிடம்கூடத் தரவில்லை. கொப்பரையைக் கழுவாமல், இந்தக் கரை ஆட்கள் அப்படியே ஆற்றுக்குத் தூக்கிப்போனார்கள். தண்ணீர் பட்டதும் அது சீறியது. வாத்தியார் குந்தப் பார்த்து, உடனே எழுந்துகொண்டார். அன்றைக்கு எல்லோரும் சாக்கை விரித்துத்தான் உட்கார்ந்தார்கள். ஒட்டியிருந்த பாகை விரலால் சுரண்டித் தின்றுகொண்டே, கொப்பரையோடு சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் போகவில்லை. மரத்தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். ஆறிய பாகில் ஒரு கை எடுத்து உருட்டிப் பலகையில் வைத்தார். கறுப்பாக இருந்தது, கொஞ்சம் புகை வாசனை அடித்தது. சரியுமா என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கட்டைவிரலால் அதன் தலையில் அழுத்தினார்.

"நிக்குது" என்றார். பிறகு புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த உருண்டையைப் பிடிக்க ஆரம்பித்தார்.